காணி அரசுக்கு வந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சீனா இன்றும் சோசலிச நாடுதான் என்று வாதிட்டு தங்கள் இதழில் கடந்த வாரம் வெளியான கட்டுரையை வாசித்தேன். ஆட்சியில் இருப்பது கம்யூனிஸ்ட் கட்சி. நிலம் தனியாருக்குச் சொந்தமில்லை. வங்கி, எண்ணெய், ரயில் எல்லாம் அரசின் பிடியில். ஆகவே சந்தை அங்கே வெறும் கருவி என்கிறார் கட்டுரையாளர். இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்துக்காரன் ஒருவனால் அந்த இரண்டாவது காரணத்தை அப்படியே விழுங்க முடியாது. காணி அரசுக்கு வந்த பிறகு உழைக்கிறவனுக்கு என்ன ஆகிறது என்பதை நாங்கள் அனுபவித்துப் பார்த்தவர்கள்.

இங்கே 1970இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசில் இடதுசாரிகளான சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்காளிகள். 1972ஆம் ஆண்டுச் சட்டம் தனியாள் வைத்திருக்கக்கூடிய காணிக்கு 50 ஏக்கர் என்று எல்லை போட்டது. 1975இல் வெள்ளைக்காரக் கம்பனிகளின் தோட்டங்களும் அரசுடைமையாயின. அது சரியான காரியம் என்றுதான் இன்றும் சொல்வேன். எங்கள் பாட்டன் பூட்டன் வியர்வையில் விளைந்த லாபம் லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்ததை யாராவது நிறுத்தத்தான் வேண்டியிருந்தது.

ஆனால் காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் என்ன மாறியது? நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். அம்மா கொழுந்து எடுத்தவர். பெயர்ப்பலகை மாறியது, பங்களாவுக்குப் புதுத் துரை, அதாவது தோட்ட நிர்வாகி, வந்தார், நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பரா அப்படியே இருந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அம்மா கூடையை இறக்கி, கொழுந்தைச் சாக்கில் கொட்டித் தராசில் போடுவார். ஈரத்துக்குக் கொஞ்சம், சாக்குக்குக் கொஞ்சம் என்று கழித்துவிட்டுத்தான் கணக்கப்பிள்ளை இறாத்தலை எழுதுவார். குறித்த இறாத்தல் வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். மழைக்காலத்தில் அட்டைக்கடியோடு நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு அரைப்பேரோடு திரும்பும் பெண்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். எத்தனை இறாத்தல் எடுக்க வேண்டும், ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்று தீர்மானித்தது யார்? கம்பனி காலத்திலும் துரைதான், அரசு காலத்திலும் துரைதான். எடுத்தவர்களிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதைவிடக் கசப்பானதும் நடந்தது. நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக் காணியை அரசு வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்க முனைந்தபோது, தங்களைத் தெருவில் விடப் போகிறார்கள் என்று தொழிலாளர்கள் எதிர்த்து நின்றார்கள். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். இந்திய வம்சாவளியினரான எங்களுக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை பறிபோய், எங்களில் பெரும்பாலானோருக்கு அப்போது வாக்கும் இல்லை. காணி ‘மக்களுடையது’ ஆனது. அந்த மக்களின் கணக்கில் நாங்கள் சேரவில்லை.

பிறகு 1984. தோட்டங்கள் அரசிடம் இருந்த காலம். ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் என்ற நூறாண்டு அநியாயம் அந்த வருடம்தான் ஒழிந்தது. முதலாளியாக இருந்த அரசு தானாக மனமிரங்கிக் கொடுக்கவில்லை. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி வாங்கினார்கள். அது ஐக்கிய தேசியக் கட்சி அரசு, கம்யூனிஸ்ட் அரசா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கம்யூனிஸ்ட் அரசு எப்படி நடந்துகொண்டது என்று பார்ப்போம்.

சீனாவின் 1975, 1978 அரசியலமைப்புகளில் வேலைநிறுத்த உரிமை எழுதப்பட்டிருந்தது. சந்தைச் சீர்திருத்தம் தொடங்கிய பின் 1982இல் வந்த அரசியலமைப்பில் அது இல்லை. சந்தை உள்ளே வர, தொழிலாளியின் கையில் இருந்த ஒரே ஆயுதம் வெளியே போனது. சங்கம் என்றால் அங்கே அகிலச் சீனத் தொழிற்சங்க சம்மேளனம் ஒன்றுதான். அதற்கு வெளியே சட்டப்படி சங்கம் வைக்க முடியாது. 2018இல் ஷென்சென் நகரில் ஜேசிக் என்ற வெல்டிங் இயந்திரத் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் சங்கம் அமைக்க முயன்று வேலை இழந்தார்கள், கைதானார்கள். அவர்களுக்குத் துணையாகப் போன பல்கலைக்கழக மாணவர்களும் பிடிபட்டார்கள். அந்த மாணவர்களில் பலர் மார்க்சியம் படித்து, அதை நம்பிப் போன பிள்ளைகள். கம்யூனிஸ்ட் கட்சி ஆளும் நாட்டில் மார்க்சிய மாணவர்கள் தொழிலாளிக்கு ஆதரவாக நின்றதற்குச் சிறை என்றால், கட்டுரையாளரின் முதல் காரணமும் ஆட்டம் காணுகிறது.

சீனா சாதித்ததை நான் சிறுமைப்படுத்தவில்லை. 40 ஆண்டுகளில் ஏறக்குறைய 80 கோடிப் பேர் கொடிய வறுமையிலிருந்து மீண்டார்கள் என்று உலக வங்கி கணக்கிட்டிருக்கிறது. பசி தெரிந்தவன் அந்த எண்ணை லேசாகப் பேசமாட்டான். 1974இல் தோட்டங்களில் பட்டினியால் மக்கள் மடிந்ததைப் பார்த்த தலைமுறை நாங்கள். அதற்கு முன், 1952இல் இறப்பருக்கு அரிசி என்று சீனா நம்மோடு செய்த ஒப்பந்தத்தையும் இந்த நாடு மறந்துவிடக் கூடாது. ஆனால் வறுமை ஒழிப்பு ஒரு பெருமை, சோசலிசம் வேறொரு கேள்வி. நகரத்து வேலைவாய்ப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் தனியார் துறையில் என்று சீன அரசே சொல்கிறது. 2002இல் கட்சி தன் அமைப்பு விதியைத் திருத்தி முதலாளிகளுக்கும் கதவைத் திறந்தது. கட்சிக்குள் முதலாளிக்கு இடம் உண்டு, கட்சிக்கு வெளியே தொழிலாளிக்குச் சங்கம் இல்லை என்ற நிலையை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சோவியத் ரஷ்யாவில் லெனினும் 1921இல் சந்தையை அனுமதித்தாரே என்று கட்டுரையாளர் கேட்கிறார். உண்மை. ஆனால் அதே லெனின், அதே காலத்து விவாதத்தில், தொழிலாளர் அரசிடமிருந்தேகூடத் தொழிலாளர்களைக் காப்பாற்றச் சங்கம் தேவை என்று சக தலைவர் ட்ரொட்ஸ்கியோடு மல்லுக்கட்டினார். சந்தைக்கு லெனினைச் சாட்சிக்கு அழைக்கிறவர்கள் இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போவது ஏன்?

சந்தை இருந்தாலே சோசலிசம் செத்தது என்று நான் சொல்ல வரவில்லை. கடைத்தெருவும் சொந்தத் தோட்டத்து மரக்கறியும் யாரையும் சுரண்டுவதில்லை. வேலையின் அளவு, கூலி, லாபத்தின் பங்கு இவற்றைத் தீர்மானிக்கும் இடத்தில் உழைப்பவனுக்குக் குரல் உண்டா, அந்தக் குரலைக் கேட்காதபோது வேலையை நிறுத்த முடியுமா என்பதுதான் என் உரைகல். அதில் உரசிப் பார்த்தால் இன்றைய சீனா தேறாது. எங்கள் 1975உம் தேறாது.

இது தூரத்து நாட்டு விவகாரம் என்று விட முடியாததற்குக் காரணம் இருக்கிறது. 1992இல் இங்கே தோட்ட நிர்வாகம் 22 கம்பனிகளிடம் போனது. காணி மட்டும் இன்றுவரை அரசினுடையது. சீனக் கட்சி ‘சோசலிசச் சந்தைப் பொருளாதாரம்’ என்று தீர்மானம் போட்டதும் அதே 1992இல்தான். காணி அரசிடம், குத்தகை கம்பனியிடம், நாட்கூலி எங்களிடம். இப்போது 2024 முதல் நாட்டை ஆளும் கூட்டணியின் முதுகெலும்பு, மார்க்ஸைப் படித்து வளர்ந்த மக்கள் விடுதலை முன்னணி. சர்வதேச நாணய நிதியத்தின் திட்டத்தையும் அதே அரசுதான் நடத்துகிறது. எங்கள் பிள்ளைகள் பலர் நம்பிக்கையோடு அவர்களுக்கு வாக்களித்தார்கள்.

சீனாவை முன்மாதிரியாகக் காட்டும் கட்டுரைகள் இந்த நேரத்தில் வரும்போது, அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது: சந்தையும் கட்சியும் வரும், சங்க உரிமை வராது. தோட்டங்களின் குத்தகையை அரசு மீளாய்வு செய்வதானால், நாளொன்றுக்கு எத்தனை கிலோ என்று நிர்ணயிக்கும் மேசையில் கொழுந்து எடுக்கும் பெண்களின் பிரதிநிதிகள் வாக்குரிமையோடு உட்கார வேண்டும் என்பதை உடன்படிக்கையிலேயே எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மஸ்கெலியா.