கூரை ஏறியவர்களுக்கும் ஏறாதவர்களுக்கும் நன்றி

அன்புள்ள உறுப்பினர்களே, நண்பர்களே,

நாம் எல்லோரும் பங்குப் பணம் போட்டு வாங்கிய சோலார் பேனல்கள் பள்ளிக்கூடக் கூரையில் ஏறிவிட்டன, மின்சாரமும் ஓடத் தொடங்கிவிட்டது. ஆங்கிலத்தில் பொதுக் கடிதம் ஏற்கெனவே கைக்கு வந்திருக்கும். நம் தமிழ்க் குடும்பங்கள் செய்த உதவியைத் தமிழில் சொன்னால்தான் எனக்கு மனம் ஆறும்.

வட இங்கிலாந்தில் சூரிய மின்சாரமா என்று சிரித்தவர்கள் நம்மிலும் உண்டு. அவர்களில் சிலர் இன்று பங்குதாரர்கள், அதனால் பெயர் சொல்லவில்லை! கேள்வி நியாயமானதுதான். டிசம்பர் கடைசியில் நட்ட நடுப்பகலிலும் இங்கே சூரியன் சுமார் 13 பாகைதான் மேலே வருகிறது. அவ்வளவு தாழ்ந்த வெயிலில் எந்த நிழலும் நீளும். முதலில் வந்த வரைபடத்தில் பழைய புகைபோக்கியை ஒட்டியே பேனல்களைப் போட்டிருந்தார்கள். கூரை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நம் ஐயா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. குளிர்காலத்தில் ஒரு நாள், காதை மூடிய கம்பளித் தொப்பியோடு விளையாட்டுத் திடலில் நின்று, மணிக்கொரு தடவை நிழல் எங்கே விழுகிறது என்று வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வந்தார். தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் உற்பத்தியும் குறையலாம். அந்தப் பென்சில் கோடுகளைப் பார்த்துத்தான் வரைபடம் மாறியது. ஐயா, உங்களுக்கு முதல் நன்றி.

அடுத்து, கணக்குப் பார்த்த அக்காவுக்கு. சூரிய மின்சாரம் தயாரிப்பவர்களுக்கு நிர்ணயித்த கட்டணம் கொடுக்க 2010இல் தொடங்கிய அரசுத் திட்டம் 2019 மார்ச்சோடு புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. இப்போது கிரிட்டுக்கு, அதாவது பொது மின்கட்டமைப்புக்கு, நாம் அனுப்பும் மிச்ச மின்சாரத்துக்கு, விலை சுழியத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி. எவ்வளவு என்பது வாங்கும் நிறுவனத்தின் விருப்பம். இதில் வேடிக்கை, வெயில் நன்றாக அடிக்கும் ஆகஸ்டில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும், மின்சாரத்தை அங்கே செலவழிக்க ஆளிருக்காது. இதை முதல் கூட்டத்திலேயே எடுத்துச் சொல்லி, விடுமுறை வாரங்களைத் தனியாகக் கழித்து அக்கா போட்ட கணக்கு யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அதை நம்பித்தான் பணம் போட்டோம்.

பணம் போட்டவர்களுக்கு என்ன சொல்ல? இந்தப் பங்குகளைச் சந்தையில் விற்க முடியாது, விலையும் ஏறாது. ஐம்பது பவுண்டு போட்டவருக்கும் ஐயாயிரம் போட்டவருக்கும் ஒரே ஓட்டுதான். 1844இல் வட இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் கூட்டுறவுக் கடை திறந்த நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களும் கடைப்பிடித்த வழக்கம் அது, இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவே தேவையில்லை. நம் ஆட்களுக்கு வீடு வீடாகப் போய் விளக்கிய தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

கிரிட் இணைப்பு விண்ணப்பத்தை நிரப்பிய தம்பியை விடவே கூடாது. கிரிட்டோடு இணைக்கும் பேனல்களின் மின்னோட்டம் ஒரு ஃபேஸுக்கு (மின் இணைப்பின் ஒரு தடத்துக்கு) 16 ஆம்பியரைத் தாண்டினால், ஜி99 என்ற நடைமுறைப்படி மின்கட்டமைப்பு நிறுவனத்திடம் முன் அனுமதி வாங்கியாக வேண்டும். பதில் வராத மாதங்களில் நாங்கள் புலம்பினோம், அவன் மறுபடி மறுபடி போன் போட்டான். என்னைக் கேட்டால், கூரையில் நடந்ததைவிட மேசையில் நடந்ததுதான் பெரிய வேலை. படம் எடுக்க ஒன்றுமில்லாத வேலை என்பதால் யார் கண்ணிலும் படவில்லை.

சாரம் கட்டியவர்கள், மின்பணியாளர்கள், குத்தகைப் பத்திரத்தை வரி வரியாகப் படித்த வழக்கறிஞர் தோழி, மழையிலும் தேநீர் கொண்டுவந்த பெற்றோர்கள், எல்லோருக்கும் நன்றி.

அப்புறம், பள்ளிக் காவலாளி. நாம் யாரும் கேட்காமலே, இரவில் ஓடிக்கொண்டிருந்த வெந்நீர்த் தொட்டியின் டைமரை நண்பகலுக்கு மாற்றி வைத்திருக்கிறார். நம் மின்சாரம் மலிவாக வெளியே போகாமல் அங்கேயே செலவாகிறது. அவருக்குத் தமிழ் தெரியாது. பார்க்கிறவர்கள் நேரில் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
செயற்குழுவின் சார்பில்