கும்பகருணனைத் திருப்பித் தந்த ஆட்டோ அண்ணைக்கு

போன வெள்ளிக்கிழமை அடைமழை. திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து உப்புவெளிக்கு உங்கள் ஆட்டோவில் வந்து, புத்தகப் பையைப் பின்சீட்டில் விட்டுவிட்டு இறங்கியவள் நான்தான்.

பைக்குள் இருந்தது அப்பாவின் கம்பராமாயண யுத்த காண்டம். கோணேசர் கோயில் மலையில், இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் நின்றுதான் அப்பா எனக்குக் கும்பகருணன் கதை சொன்னார். அண்ணன் செய்தது பிழை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அவனுக்காகவே சாகப் போனவன். மூக்கறுந்த முகத்தை யாரும் பார்க்கக் கூடாது, தலையைக் கடலில் தள்ளிவிடு என்று இராமனிடமே கேட்டவன். அது கீழே தெரிகிற இந்தக் கடல்தான் என்று கனகாலம் நம்பியிருந்தேன். (இப்போதும் கொஞ்சம் நம்புகிறேன்.) "நீர்க்கோல வாழ்வை நச்சி" என்ற பாட்டின் அருகே அப்பா பென்சிலால் போட்ட கோடு வேறெந்தப் பிரதியிலும் இல்லை.

இரண்டு நாள் அழுதேன். அப்புறம் சந்திக் கடைக்காரர் கூப்பிட்டு ஒரு பார்சல் தந்தார். நனைந்த தாள்களுக்கிடையே பத்திரிகைத் துண்டு வைத்து, ஒவ்வொன்றாய்க் காயவைத்திருக்கிறீர்கள். பிரிந்த முதுகைத் தைத்தும் இருக்கிறீர்கள். இதையெல்லாம் யார் கேட்டது? பேரும் சொல்லவில்லை, காசும் வாங்கவில்லையாம்.

"அந்தத் தம்பிக்காரன் சாகுமட்டும் வாசிச்சுப்போட்டுத்தான் தாறன், குறை நினைக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றீர்களாம்.

குறையா அண்ணை! மிச்சத்தையும் வாசிக்க வாங்கோ. புத்தகம் அதே கடையில் உங்களுக்காக இருக்கும்.