"அப்பா போயிட்டார்": பட்டறை நடத்தப்போகும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

முதியவர்களோடு டிஜிட்டல் கதைப் பட்டறை, அதாவது அவரவர் கதையை அவரவர் குரலிலேயே பதிந்து, புகைப்படங்களோடு சேர்த்துக் குட்டிப் படமாக்கும் பட்டறை, நடத்தப்போவதாக எழுதியிருந்தாய். எந்த கேமரா, எந்த எடிட்டிங் செயலி என்றே கடிதம் முழுக்கக் கேட்டிருக்கிறாய். எடுக்கவும் பதியவும் உன் கையில் இருக்கும் போனே போதும், எடிட்டிங்குக்கு ஏதோ ஒரு கணினி இருந்தால் சரி, அந்தப் பேச்சை அத்தோடு விடு. எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது வேறு.

நான் நடத்திய முதல் பட்டறையில் 78 வயதுப் பெரியவர் ஒருவர் இருந்தார். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கதை சொல்லும் முதல் நாளில், தன் அப்பா இறந்ததைச் சொன்னார். "காலையில எழுப்பப் போனேன். அப்பா போயிட்டார்." அவ்வளவுதான். யாரும் அசையவில்லை. மறுநாள் அதையே தாளில் எழுதிவந்து மைக் முன்னால் வாசித்தார்: "எனது தந்தையார் அன்று அதிகாலை இயற்கை எய்தினார்." இரங்கல் அறிவிப்பு மாதிரி இருந்தது. தப்பு என்மேல்தான். "எழுதிக்கொண்டு வாருங்கள் ஐயா" என்று சொன்னவள் நானல்லவா? பேனாவைத் தொட்டதும் பேச்சுத்தமிழ் வாசலோடு நின்றுவிடும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பட்டறை முறை ஆங்கிலத்தில் உருவானது. 1994-இல் ஜோ லாம்பர்ட், டானா ஆட்ச்லி, நீனா மல்லன் ஆகியோர் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய மையத்திலிருந்து பரவியது. பிறகு வேல்ஸில் பிபிசி 2001 முதல் 2008 வரை 'கேப்சர் வேல்ஸ்' என்று சாதாரண மக்களை வைத்தே இதைச் செய்தது. இரண்டு நிமிடம், 250 சொற்கள், கொஞ்சம் புகைப்படங்கள் என்பது அங்கிருந்து வந்த கணக்கு. தமிழில் அது ஒத்துவராது. விகுதிகளையும் வேற்றுமை உருபுகளையும் ஒட்டிக்கொண்டு நம் சொற்கள் நீளமானவை. வயதானவர்கள் நிறுத்தி நிதானமாகப் பேசுவார்கள். 150 சொற்களைத் தாண்டாதே. எழுதிக்கொடுத்து வாசிக்கவும் சொல்லாதே. அனுமதி கேட்டு, வட்டத்தில் பேசும்போதே பதிவு செய். சொன்னது சொன்னபடி, 'வந்துச்சு', 'போச்சு' எல்லாவற்றோடும் எழுதி, அவருக்குப் படித்துக்காட்டு. வேண்டாததை அவரே அடிக்கட்டும். மைக் முன்னால் உட்காரும்போது நாலைந்து சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதிய அட்டை ஒன்று போதும்.

"உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டுவிடாதே. பிறந்த வருஷம், வேலை, ஓய்வு என்று ஒப்பிப்பார்கள். பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட நாட்களே முதுமையில் அதிகம் நினைவுக்கு வருகின்றன என்று நினைவாற்றலை ஆராய்பவர்கள் சொல்வார்கள். அங்கே போய்த் தட்டு: முதன்முதலில் கையில் வாங்கிய சம்பளம், வீட்டுக்குத் தெரியாமல் செய்த ஒரு காரியம். சொன்னதையே சொல்கிறார்களே என்று சலித்துக்கொள்ளாதே. பழசைப் பேசுவது புத்தி தளர்வதன் அறிகுறி என்றே ஒரு காலத்தில் மருத்துவர்கள் நினைத்தார்கள். 1963-இல் ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர்தான், அது வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துக் கணக்கு நேர்செய்யும் இயல்பான வேலை என்று எழுதினார். மூன்றாம் முறை சொல்லும்போதுதான் சிலருக்கு உள்ளே இருப்பது வெளியே வரும்.

பின்னணி இசை வேண்டாம். வயதாகும்போது முதலில் மங்குவது உச்ச சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். 'ச', 'ஸ்' போன்ற மெல்லிய மெய்யொலிகள் புல்லாங்குழலுக்கு அடியில் காணாமல் போய்விடும். படத்தைப் பார்க்கப்போவதும் அவர்கள் வயதுக்காரர்கள்தானே. பழைய புகைப்படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து போனில் எடு, அன்றைக்கே திருப்பிக் கொடு. படமே இல்லாதவர்கள் இருப்பார்கள், பெரும்பாலும் பெண்கள். அவர்கள் கைகளை எடு.

அனுமதிப் படிவத்தை முதல் நாளே வாங்கிவிட்டு நிம்மதியாக இருந்தவள் நான். ஒரு அம்மா, முடிந்த படத்தைப் பார்த்ததும், "இது என் மருமக கண்ணுல படக்கூடாது" என்றார். கையெழுத்துப் போட்டபோது இருந்தது வெறும் தாள். இப்போது எதிரில் இருப்பது அவர் குரல். அதனால் படம் முடிந்தபின் மறுபடி கேள். கூடத்தில் போடலாமா, இணையத்தில் ஏற்றலாமா, பென்டிரைவில் கொடுத்துவிட்டு நாம் அழித்துவிடுவதா என்று தனித்தனியாகக் கேள். மறதி நோய் உள்ளவர் என்றால் ஒவ்வொரு நாளும் கேள். அந்த அம்மாவின் படம் இன்றுவரை யாருக்கும் காட்டப்படவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை, அது நல்ல படம் என்பதைத் தவிர.

இன்னொன்று, மவுஸ். எடிட்டிங்கில் நேரமாகிறது என்று அவர்கள் கையிலிருந்து நாம் அதைப் பிடுங்கிக்கொள்வோம். நீயும் பிடுங்குவாய், பார். அம்புக்குறியைப் பெரிதாக்கு, இரட்டைச் சொடுக்கின் வேகத்தைக் குறை. அப்படியும் கை நடுங்கினால் நீ அழுத்து. எங்கே வெட்டுவது என்று அவர் சொல்லட்டும்.

அந்தப் பெரியவர் கதைக்கு வருகிறேன். தாளை வாங்கி வைத்துவிட்டு மறுபடி பதிவு செய்தோம். எடிட்டிங் நாளில் மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு திரையில் விரலை வைத்து, "போயிட்டார்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் இடம் விடும்மா, நான் அங்க நின்னுட்டிருந்தேன்" என்றார். இரண்டு விநாடி விட்டேன். போதாது என்றார். நாலு விட்டேன்.

அன்புடன்,
அக்கா