மூன்று நாள் நிகழ்ச்சி, ஒரு மதிய மழை: ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். அக்டோபர் 8, 9, 10 தேதிகளில் நம் பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்களுக்காக நடந்த நிகழ்ச்சிகள் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. நிறைவு விழா மேடையில் நன்றியுரை சொன்னவன் நான்தான். துணைவேந்தரில் தொடங்கி துறைத் தலைவர்கள் வரை வரிசையாகப் படித்தேன், பயனாடை போர்த்தினோம், போட்டோவும் எடுத்தோம். மேடையில் இருந்தவர்களைத் தவிர யாருக்குமே நன்றி சொல்லவில்லை என்பது ராத்திரி விடுதியில் போய்ப் படுத்த பிறகுதான் உறைத்தது. மறுநாள் கேன்டீனுக்குப் போனால் அக்கா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. "என்னப்பா, டீயா?" என்று மட்டும் கேட்டார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நாள் படிப்பு, இரண்டாம் நாள் வேலை, மூன்றாம் நாள் உடம்பும் மனசும் என்று கோப்பில் அழகாகப் பிரித்து எழுதியிருந்தோம். அந்தக் கோப்பு எத்தனை மேசை ஏறி இறங்கியது என்பது தனிக் கதை. கையெழுத்து வாங்க எங்களோடு மாடிப்படி ஏறி ஏறி மூச்சு வாங்கிய துறை உதவியாளர் ஐயாவுக்கு முதல் நன்றி. "நாளைக்கு வாங்க" என்ற பதிலை அவர் ஒரு தடவைகூட எங்களிடம் சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னபோது எங்களுக்காக அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து நூலகர் சார். முதல் நாள் காலை ஸ்லைடு எதுவும் போடாமல், நூலகத்தின் பழைய கணினி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, "யாருக்காவது கிடைக்காத கட்டுரை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். வேதியியலில் பிஎச்.டி. செய்யும் ஒரு அக்கா தயங்கித் தயங்கி ஒரு தலைப்பைச் சொன்னார். அந்தக் கட்டுரைக்காக எழுதியவருக்கே மூன்று மெயில் போட்டு பதில் வராமல் விட்டிருந்தாராம். சார் இரண்டு நிமிடத்தில் இறக்கிக் கொடுத்தார். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசுப் பல்கலைக்கழக மாணவர்கள் படிக்கலாம் என்று அப்புறம்தான் விளக்கினார். திட்டம் வந்து இத்தனை மாதம் ஆகியும் எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது. தெரியாததற்கு அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. நாங்களும் நூலகத்தைக் குறை சொல்லவில்லை. கணக்கு சரியாகிவிட்டது.

ஆய்வேட்டில் காப்பி அடிப்பது பற்றியும் அவர்தான் பேசினார். 2018இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி கொண்டுவந்த விதிப்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, "பத்து சதவீதம் உங்க உரிமை இல்லப்பா" என்றார். சிரித்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பத்தை உரிமை என்றே நினைத்துக்கொண்டிருந்தவர்கள். நானும் உண்டு.

சென்னையிலிருந்து ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலை திருச்சி பஞ்சப்பூரில் இறங்கி, விடுதியில் குளித்துவிட்டு நேரே அரங்குக்கு வந்த வரலாற்றுத் துறைப் பழைய மாணவர் அண்ணனுக்கு நன்றி. கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தேர்வை இவ்வளவு பயமில்லாமல் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், அதனால் ஒன்றையும் விடாமல் எழுதுங்கள் என்றார். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் என்றதும் பின்வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். படிப்பதற்கு அரசாங்கம் பணம் கொடுக்கும் என்பதை அவருடைய அப்பா முதல் தொகை வங்கியில் ஏறும் வரை நம்பவே இல்லையாம். (இயற்பியல், வேதியியல்காரர்கள் கவனிக்க: நமக்கு அறிவியல் பாடங்களுக்கென்று தனியாக நடக்கும் சிஎஸ்ஐஆர் நெட். அதில் தவறான விடைக்கு மதிப்பெண் கழியும். அன்று சந்தோஷத்தில் கைதட்டிய என் வகுப்புத் தோழர்களுக்காக இதை எழுதுகிறேன்.)

இரண்டாம் நாள்தான் சோதனை. வளாகத்திலேயே நேர்காணல் நடத்துகிறோம் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நிறுவனம், காலை எட்டே முக்காலுக்கு "இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியது. வெளியே இஸ்திரி போட்ட சட்டையும் சுடிதாருமாக வரிசை நின்றுகொண்டிருந்தது. முசிறி, துறையூர் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள் அதில் இருந்தார்கள். மைக்கை எடுத்து என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில் எழுந்தவர்கள் பார்வையாளராக மட்டும் வந்திருந்த ஐந்து பழைய மாணவர்கள். "ஆளுக்கு ஒரு மேசை போடுங்க, பென்சில் கொடுங்க" என்றார்கள். வரிசையில் நின்ற ஒவ்வொருவரின் ரெஸ்யூமையும் எதிரே உட்கார வைத்துப் படித்தார்கள். தந்தை பெயர், மதம், திருமணம் ஆகாதவர், கடைசியில் 'மேற்கண்டவை உண்மை என உறுதி கூறுகிறேன்' என்று எல்லார் தாளிலும் ஒரே மாதிரி இருந்ததெல்லாம் அடிபட்டது. எல்லோரும் ஒரே ஜெராக்ஸ் கடை மாதிரியைத் திருத்தி எழுதியவர்கள், வேறு எப்படி இருக்கும்!

ஒரு மேசையை மட்டும் சொல்கிறேன். பி.காம். மூன்றாம் ஆண்டுத் தம்பி ஒருவன், மணப்பாறைக்காரன். அவன் தாளில் 'கடின உழைப்பாளி, விரைவாகக் கற்பவன், பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது' என்று இருந்தது. எதிரே இருந்த அக்கா அந்த மூன்றையும் அடித்துவிட்டு, "வீட்ல என்னப்பா பண்றாங்க?" என்றார். முறுக்கு போடுகிறார்கள் என்று சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது. "நீ என்ன பண்ணுவ?" என்று அக்கா விடாமல் கேட்டார். ஒன்பதாம் வகுப்பிலிருந்து கணக்கு நோட்டு அவனிடம்தான். எந்தக் கடைக்கு எத்தனை பாக்கெட், யார் பாக்கி வைத்திருக்கிறார்கள், தீபாவளிக்கு எவ்வளவு மாவு, எவ்வளவு எண்ணெய் முன்கூட்டியே வாங்க வேண்டும், எல்லாம் அவன் பார்ப்பது. "இதை ஏன்டா எழுதல?" என்று அக்கா சத்தமாகவே கேட்டுவிட்டார். பக்கத்து மேசைகளெல்லாம் திரும்பின. அவன் காது சிவந்துபோனது. ஆனால் அந்தத் தாளை மடிக்காமல் ஃபைலுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

குரூப் 4 எழுதுபவர்களுக்குத் தமிழ்த் துறை ஐயா தனியாக ஒரு மணி நேரம் எடுத்தார். முதல் 100 கேள்வி தமிழ், 150க்கு 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள் என்பதை அவர் கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போட்டது இன்னும் அழியாமல் இருக்கிறது. அவருக்கும் நன்றி.

இனி மழைக்கு வருகிறேன். உண்மையில் இந்த மடலே அந்த மழையைப் பற்றியதுதான்.

முதல் நாளிலிருந்தே நூலகத்துக்கு எதிரே ஷாமியானா போட்டு, 'மனநல ஆலோசனை மையம்' என்று பத்தடிக்கு ஃபிளெக்ஸ் கட்டி, நடுவில் ஒரு மேசை போட்டிருந்தோம். ஐடியா என்னுடையதுதான், வேறு யார் மேலும் பழி போட முடியாது. மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து வந்த உளவியலாளர் மேடம் காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை அங்கே உட்கார்ந்திருந்தார். வந்தது ஒரே ஒருவர். அவரும் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்க வந்தவர். நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது மேடம் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "பரவாயில்லை தம்பி, பழகிப்போச்சு" என்றார்.

இரண்டாம் நாள் மதியம் இரண்டரை மணிக்கு அடித்துக் கொட்டியது. ஷாமியானா நடுவில் தண்ணீர் தேங்கித் தொப்பை போட்டு இறங்கியது. எங்கள் எலெக்ட்ரீஷியன் அண்ணன் யாரும் சொல்லாமலேயே ஓடிப்போய் மெயினை நிறுத்திவிட்டு, அப்புறம்தான் எங்களைத் திட்டினார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் புல்தரையில் கிடந்தது அப்போதுதான் எனக்குக் கண்ணில் பட்டது. அண்ணே, அந்தத் திட்டுக்குத் தனியாக ஒரு நன்றி. மைக் செட்காரர் கைக்குக் கிடைத்த ஃபிளெக்ஸைக் கழற்றி ஆம்ப்ளிஃபையர் மேல் போர்த்தினார். 'மனநல ஆலோசனை மையம்' அப்படித்தான் மூடப்பட்டது.

மேசையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்த கேன்டீன் தாழ்வாரத்துக்கு ஓடினோம். அக்கா அரிசி மூட்டை இரண்டை நகர்த்தி மூலையில் இடம் ஒதுக்கினார். நான் மேசையை வெளிப்பக்கம் பார்த்துப் போட்டேன். அக்கா ஒரு நிமிடம் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"திருப்பிப் போடுப்பா. வந்து உட்கார்றவங்க சுவரைப் பாத்து உட்காரட்டும். வெளியே இருந்து பாத்தா முதுகுதான் தெரியணும்."

திருப்பிப் போட்டோம். அவ்வளவுதான் நடந்தது. ஃபிளெக்ஸ் இல்லை, பலகை இல்லை. மழைக்கு ஒதுங்கியவர்கள் தாழ்வாரம் முழுக்க நின்றிருந்தார்கள். மேடம் எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது, யாரோ ஒரு பெண் உட்கார்ந்தார். அக்கா டோக்கன் கேட்காமல் இரண்டு டீ கொண்டுபோய் வைத்தார். டீ குடிக்கிறார்கள் என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தோன்றாது. அந்தப் பெண் எழுந்ததும் இன்னொருவர். "அவங்க யாருக்கா?" என்று ஒரு பையன் கேட்டதற்கு, "எங்க சொந்தக்காரங்க" என்று சொல்லிவிட்டுப் பஜ்ஜி மாவைக் கலக்கப் போய்விட்டார். மழை நின்ற பிறகும் அந்த நாற்காலி காலியாகவில்லை. ஆறு மணிக்குக் கேன்டீன் மூட வேண்டும். அன்று ஏழரை வரை விளக்கு எரிந்தது.

மூன்றாம் நாள் ஷாமியானாவைச் சரிசெய்துவிட்டார்கள். மேசையைத் திரும்ப அங்கே கொண்டுபோகவா என்று கேட்டேன். மேடமும் அக்காவும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள்.

அன்று சாயங்காலம் நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஏப்ரலில் வந்த ஒரு அரியர், அதை வீட்டில் சொல்லாதது, அதிலிருந்து தூக்கம் போனது என்று பேச்சு எங்கெங்கோ போனது. முழுவதையும் இங்கே எழுத வேண்டியதில்லை. கிளம்பும்போது மேடம் கேன்டீன் பில் தாளின் பின்பக்கம் 14416 என்று எழுதிக் கொடுத்தார். அரசின் மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண், ராத்திரி பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கியது. நாங்கள் நோட்டீஸில் 300 பிரதி அச்சடித்துக் கொடுத்ததும் இதே எண்தான். ஆனால் பர்ஸில் நான் வைத்திருப்பது அந்தப் பில் தாளைத்தான். வீட்டில் இப்போது சொல்லிவிட்டேன், அம்மா இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் பேசினார்.

அதே மூன்றாம் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்து ரத்தசோகைப் பரிசோதனை செய்த செவிலியர் அக்காக்களுக்கும் ஆய்வக அண்ணனுக்கும் நன்றி. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்று சொல்லி, ஒவ்வொருவரிடமும் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். விடுதிப் பெண்களில் பலர் சொன்ன பதில் "டீ". சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள் என்று செவிலியர் அக்கா விளக்கிக்கொண்டிருந்தபோது, கேன்டீனிலிருந்து குரல் வந்தது: "டீ விக்கிறவ வாசல்லயே நின்னு சொல்றீங்களே, நல்லாருக்கா இது?" மறுநாள் மதியச் சாப்பாட்டுத் தட்டில் நெல்லிக்காய் இருந்தது. விலை ஏற்றவில்லை.

இன்னும் பலர் இருக்கிறார்கள். நோட்டீஸைக் கடனுக்கு அடித்துக் கொடுத்த ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு 640 ரூபாய் பாக்கி, இந்த வாரம் கொடுத்துவிடுவோம். மழைச் சேறு மிதிபட்ட அரங்கை மறுநாள் காலை ஆறு மணிக்குள் கழுவி வைத்திருந்த துப்புரவுப் பணியாளர் அம்மாக்கள். ஏழரை மணிக்கு எங்கள் பிள்ளைகள் ஓடி வருவதைப் பார்த்து வண்டியை நிறுத்தி வைத்திருந்த டவுன் பஸ் ஓட்டுநர். அவர் யாரென்றே தெரியவில்லை, யாராவது பார்த்தால் சொல்லுங்கள். மூன்று நாளும் சாவிக்கொத்தோடு எங்கள் பின்னால் அலைந்த காவலர் தாத்தா. நாட்டு நலப்பணித் திட்டத் தம்பி தங்கைகள். நாற்காலி தூக்கியதற்குச் சான்றிதழ் கிடைக்காது என்று தெரிந்தே தூக்கினார்கள்.

கடைசியாக ஒன்று. இரண்டாம் நாள் மாலை அந்த மூலை மேசைக்குப் பக்கத்தில் சுவரோரம் ஒரு கறுப்புக் குடை கிடந்தது. மரப்பிடி வைத்த பழைய குடை, ஒரு கம்பி வளைந்திருக்கும். குழுவில் படம் போட்டு விசாரிக்கலாம் என்று கிளம்பினேன், அக்கா விடவில்லை. குடை இப்போது கேன்டீனில் கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம், யார் என்ன என்று கேட்க மாட்டார். மழைக்காலம் இன்னும் முடியவில்லை.

அன்புடன்,
நிகழ்ச்சிக் குழு சார்பில்,
எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவன்