கிரேவன் காட்டேஜுக்குப் போகிற மகனுக்கு

டர்பன்

அன்புள்ள கண்ணா,

டிசம்பரில் லண்டன் போகிறோம், ஒரே ஒரு கால்பந்து மேட்ச்தான் பார்க்க முடியும், எங்கே போகலாம் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியைக் காற்றில் விட்டுவிடுவாய் என்பதால் எழுதியே அனுப்புகிறேன். வெம்ப்ளி வேண்டாம், எமிரேட்ஸும் வேண்டாம். பிரம்மாண்டமான புது மைதானம் பார்க்க அவ்வளவு தூரம் போவானேன், நம் மோசஸ் மபிடாவே இருக்கிறது. ஃபுல்ஹம் அணியின் கிரேவன் காட்டேஜுக்குப் போ. தேம்ஸ் நதிக்கரையில், வீடுகள் நிறைந்த ஒரு தெருவில், அந்த வீடுகளோடு வீடாக நிற்கிற மைதானம் அது.

பெயரில் உள்ள காட்டேஜ் 1780-ல் கிரேவன் பிரபு கட்டிய குடில். அது 1888-ல் எரிந்துபோனது. 1896-லிருந்து ஃபுல்ஹம் அங்கே ஆடுகிறது. இப்போது மூலையில் நிற்கிற சின்ன செங்கல் வீட்டைத்தான் பலர் பழைய குடில் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது மைதானங்கள் கட்டுவதில் பேர்போன கட்டடக் கலைஞர் ஆர்ச்சிபால்ட் லீட்ச் 1905-ல் கட்டியது. ஆட்டக்காரர்கள் உடை மாற்றுவது அதற்குள்தான். மற்ற மைதானங்கள் பெரும்பாலானவற்றில் நடுக்கோட்டருகே சுரங்கப்பாதை வழியாக வருவார்கள். இங்கே மூலையிலிருந்து நடந்து வருவார்கள். மேலே பால்கனியில் ஆட்கள் நின்று பார்ப்பதும் தெரியும். அதனால் ஆட்டம் தொடங்க அரை மணி முன்பே இடத்தில் உட்கார்ந்துவிடு. வார்ம்-அப் முடிந்து இரண்டு அணியும் அந்த வீட்டுக்குள் போய்த் திரும்புவதைப் பார்க்காமல் விட்டால் பாதிக் காசு வீண்.

தெருப் பக்கத்து ஸ்டாண்டும் அதே லீட்ச், அதே 1905. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று அறிவித்திருப்பதால் இஷ்டத்துக்கு இடிக்க முடியாது. பின்பகுதியில் மர இருக்கைகள் இன்னும் இருக்கின்றன. 1989-ல் மைதான நெரிசலில் பலர் இறந்த ஹில்ஸ்பரோ விபத்துக்குப் பிறகு பெரிய அணிகள் நின்று பார்க்கும் படிகளையெல்லாம் எடுத்துவிட்டன. ஃபுல்ஹமில் மட்டும் 2002 வரை கோல் கம்பங்களுக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தார்கள். அப்புறம் இரண்டு பருவம் லாஃப்டஸ் ரோடு என்ற வேறொரு அணியின் மைதானத்தில் குடக்கூலிக்கு ஆடி, நாற்காலி போட்டபின் 2004-ல் திரும்பினார்கள்.

அந்த ஸ்டாண்டின் பெயர் ஜானி ஹேன்ஸ் ஸ்டாண்ட். வெளியே அவருக்குச் சிலை உண்டு. இங்கிலாந்துக்கு 56 ஆட்டம், அதில் 22 முறை கேப்டன். ஆட்டக்காரருக்கு வாரம் 20 பவுண்டுக்கு மேல் தரக்கூடாது என்ற விதி 1961-ல் போனதும், ஃபுல்ஹம் கிளப்பின் தலைவராக இருந்த நகைச்சுவை நடிகர் டாமி டிரிண்டர் அவருக்கு வாரம் 100 பவுண்டு கொடுத்தார். இங்கிலாந்திலேயே அந்தத் தொகையை முதலில் வாங்கியவர் அவர்தான். பதினெட்டு வருஷம் ஃபுல்ஹமுக்கு ஆடியும் ஒரு பெரிய கோப்பைகூடக் கிடைக்கவில்லை. 1970-ல் நம் ஊருக்கு வந்து டர்பன் சிட்டி அணிக்கு ஆடினார். லீக் பட்டம் இங்கேதான் கிடைத்தது.

மருமகளிடம் இதைச் சொல்லும்போது மற்றப் பாதியையும் சேர்த்துச் சொல். அந்த லீக் வெள்ளையருக்கு மட்டும். நிற வேறுபாடு பார்க்காத தென் ஆப்பிரிக்க சாக்கர் லீக் 1961-ல் தொடங்கியது. நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகப் போனது அதன் ஆட்டங்கள் நடந்த கரீஸ் ஃபவுண்டன் மைதானத்துக்கு. நகராட்சி மைதானங்களைத் தரமாட்டோம் என்று கதவடைத்ததில் அந்த லீக் 1966-க்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. ஹேன்ஸ் வந்த காலத்தில் ஃபிஃபா தென் ஆப்பிரிக்காவை இடைநீக்கம் செய்து வைத்திருந்தது. சிலையோடு போட்டோ எடு, வேண்டாமென்று சொல்லவில்லை. நல்ல ஆட்டக்காரர்தான். பிற்காலத்தில் அதே டர்பனிலிருந்து, கோல்டன் ஆரோஸ் அணியிலிருந்து, ககிஷோ டிக்காசோய் 2009-ல் ஃபுல்ஹமுக்குப் போனார். அதையும் சொல்.

இனி டிக்கெட். மைதானத்தில் ஏறத்தாழ 29,000 பேருக்குத்தான் இடம். வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பாதே. ஃபுல்ஹம் கிளப்பின் தளத்தில் இருவர் பெயரிலும் இப்போதே கணக்குத் திறந்து வை. உறுப்பினர்களுக்கு முதலில் விற்று, மீந்ததைத்தான் பொதுவில் விடுவார்கள். செல்சி, ஆர்சனல், லிவர்பூல் வந்தால் மீதமே இருக்காது, விலையும் ஏறும். பட்டியலின் நடுவிலோ அடியிலோ உள்ள அணி வரும் நாளைப் பிடி. ஜனவரியிலும் கொஞ்ச நாள் தங்கினால், தோற்றால் வெளியே என்கிற எஃப்ஏ கோப்பையின் மூன்றாம் சுற்று சொந்த மைதானத்தில் விழுகிறதா என்று பார். அதற்குப் பெரும்பாலும் விலை குறைவு. தெருவில் கைமாற்றி விற்பவனிடம் வாங்காதே. இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டை அப்படி விற்பது சட்டப்படி குற்றம். உனக்குக் கிடைக்கிறது ஏற்கெனவே யாரோ உள்ளே போய்விட்ட டிக்கெட்டாகவும் இருக்கலாம்.

பலர் ஏமாறுவது தேதியில்தான். ஜூனில் வரும் அட்டவணையில் சனிக்கிழமை மூன்று மணி என்று போட்டிருக்கும். பிறகு டிவிக்காரர்கள் தேர்ந்தெடுத்ததும் அது ஞாயிறுக்கோ திங்கள் இரவுக்கோ நகரும். ஆகவே மேட்சை நம்பி சனி இரவுக்கு விமானம் போடாதே. முன்னும் பின்னும் இரண்டு நாள் இடம் விடு. 26-ஆம் தேதி ஆட்டம் என்றால் ரயில் ஓடுகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள். 25 அன்று லண்டனில் பஸ், ரயில் எதுவுமே கிடையாது, மறுநாளும் குறைவுதான்.

இருக்கை எடுக்கும்போது ஜானி ஹேன்ஸ் ஸ்டாண்டையே எடு. நதிப் பக்கத்து ரிவர்சைட் ஸ்டாண்ட் புதிதாகக் கட்டியது. வசதி அதிகம், விலையும் அதிகம், ஆனால் அங்கே உட்கார்ந்தால் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். மர இருக்கையில் இரண்டு சங்கடம். ஒன்று, கூரையைத் தாங்கும் தூண்கள். வரைபடத்தில் 'பார்வை மறைவு' என்று குறித்திருந்தால் மலிவு என்று ஆசைப்படாதே. கோல் வாயே மறைந்தால் தொண்ணூறு நிமிஷமும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு இருக்க வேண்டும். இரண்டு, அந்தக் காலத்து உடம்புக்கு அளந்து போட்ட இடம்: உன் முழங்கால் முன் இருக்கையில் இடிக்கும். ஓரத்து இருக்கை கிடைத்தால் விடாதே. முன் வரிசைகளில் மழைச் சாரல் அடிக்கும், அது எந்த ஸ்டாண்டுக்கும் பொருந்தும். வெளியூர் அணி ரசிகர்களின் இடம் புட்னி முனையில். எதிரணி நிறத்தில் சட்டையோ சால்வையோ போட்டுக்கொண்டு சொந்த அணி ஆட்கள் நடுவே உட்கார்ந்தால் வெளியேற்றிவிடுவார்கள்.

டிக்கெட் போனிலேயே வரும். கூட்டத்தில் நெட்வொர்க் படுத்துவிடும், அதனால் விடுதியிலேயே போன் வாலட்டில் இறக்கி, அவள் டிக்கெட்டை அவள் போனுக்கு மாற்றிவிடு. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். நம் ஊர் உருண்டை முள் பிளக் அங்கே நுழையாது. சதுர முள் அடாப்டர் இங்கிருந்தே எடுத்துப் போ. பெரிய பை கொண்டுபோகாதே, ஏ4 தாளுக்கு மேற்பட்டதைப் பெரும்பாலும் வாசலில் நிறுத்திவிடுவார்கள்.

வழி சுலபம். லண்டன் சுரங்க ரயிலின் டிஸ்ட்ரிக்ட் லைனில் விம்பிள்டன் பக்கம் போகும் வண்டி ஏறு. எல்லா டிஸ்ட்ரிக்ட் வண்டியும் அங்கே போகாது. தவறி ரிச்மண்ட் வண்டியில் ஏறினால் நேரம் போச்சு. எர்ல்ஸ் கோர்ட்டில் பலகையைப் பார். புட்னி பிரிட்ஜில் இறங்கி, தெருவழி போகாமல் பிஷப்ஸ் பார்க் வழியாக நதியோரம் நட; கால் மணிக்கு மேல் ஆகாது. பூங்காவை ஒட்டி லண்டன் பிஷப்புகள் இருந்த ஃபுல்ஹம் பேலஸ் இருக்கிறது, உள்ளே போகக் காசில்லை. மூன்று மணி ஆட்டத்துக்குப் பன்னிரண்டுக்கே அங்கே போய்விட்டால் அதையும் பார்த்துவிடலாம்.

நதிக்காற்று எலும்பைத் துளைக்கும். டிசம்பரில் நாலு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். இரண்டாம் பாதி முழுக்க விளக்கொளியில்தான். ஜொகன்னஸ்பர்க் குளிரைப் பார்த்தவன்தானே என்று மெத்தனம் வேண்டாம், இது ஈரக் குளிர். இரண்டு ஜோடி காலுறை போடு; கீழே கான்கிரீட், பாதம்தான் முதலில் விறைக்கும். சாப்பாட்டில் கவனம்: அங்கே விற்கும் 'பை' (pie) என்ற அடைத்துச் சுட்ட பலகாரத்தில் பெரும்பாலும் மாட்டிறைச்சி. கேட்காமல் கடிக்காதே. பீர் வாங்கினால் உள்கூடத்திலேயே குடித்து முடிக்க வேண்டும். மைதானம் தெரியும் இடத்துக்கு எடுத்துப்போக 1985-லிருந்து சட்டம் விடுவதில்லை.

முடிந்ததும் புட்னி பிரிட்ஜ் ஸ்டேஷன் வாசலில் வரிசை நீளும், போலீஸ் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விடும். பாலத்தைக் கடந்து புட்னி ரயில் நிலையம் போனால் வாட்டர்லூவுக்கு வண்டி உண்டு. அதுவும் கூட்டமாக இருந்தால் பாலத்தருகே எங்காவது சூடாக டீ குடித்துவிட்டு அரை மணி கழித்துக் கிளம்புங்கள். தேதி உறுதியானதும் எந்த ஸ்டாண்ட், எந்த வரிசை என்று எழுது. வரைபடம் பார்த்துத் தூண் எங்கே வருகிறதென்று சொல்கிறேன், காசு கட்டுவது அதற்கப்புறம்.

அன்புடன்,
அம்மா