விழுப்புரத்தில் வண்டி ஏன் நெடுநேரம் நின்றது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விழுப்புரம் சந்திப்பின் பழைய நாட்களை எழுதுகிறவர்களில் பலர், எழும்பூரில் புகை கக்கிக்கொண்டு புறப்பட்ட கரி எஞ்சின் அப்படியே திருச்சி வரை வண்டியை இழுத்துச் சென்றதாக எழுதிவிடுகிறார்கள். 1960களின் நடுப்பகுதிக்குப் பிந்திய காலத்துக்கு இது பொருந்தாது. அதைத் திருத்தவே இக்கடிதம்.

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையிலான மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம்) பாதையில் 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1960களில் மின்கம்பி விழுப்புரம் வரை நீண்டு, அங்கேயே நின்றுவிட்டது. ஜப்பானில் செய்த ஒய்.ஏ.எம்.1 வகை மின் எஞ்சின் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் இழுத்து வந்த பெட்டிகளை, அதற்கு அப்பால் கரி எஞ்சினோ பின்னாளில் டீசலோதான் எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. அதாவது தலைநகரிலிருந்து தெற்கே போகிறவர் நள்ளிரவில் விழுப்புரத்தில் ஒரு தலைமுறை பின்னால் போய், கண்ணில் கரித்தூள் விழாமல் ஜன்னலை இறக்கிக்கொள்வார்.

வண்டி நெடுநேரம் நின்றது சாப்பாட்டுக்காக என்றே இன்றைய இளைஞர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் மின் எஞ்சினைக் கழற்றி அப்புறப்படுத்தி, ஷெட்டிலிருந்து வந்த கரி எஞ்சின் பின்னோக்கி மெல்ல வந்து சேர்ந்து, கொக்கி மாட்டி, பிரேக்கை இயக்கும் வாக்குவம் குழாயை இணைத்து, கடைசிப் பெட்டி வரை பிரேக் சரியாக இருக்கிறது என்று கார்டு உறுதி செய்யும் வரை வண்டி நகர முடியாது. பொட்டலமும் டீயும் அந்த இடைவெளியில் பிழைத்த வியாபாரம்தான். (அந்த டீயைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை.)

சாவியைத் திருப்பியதும் கிளம்புகிற பொறி அல்ல கரி எஞ்சின். பல மணி நேரம் முன்பே அடுப்பு மூட்டி நீராவி ஏற்ற வேண்டும். மெயில் வண்டி தாமதமானாலோ நெருப்பு அணையவும் கூடாது, நீராவி மிகுந்து வால்வு வழியே சீறி வீணாகவும் கூடாது. ஃபயர்மேனின் கைப்பக்குவம் ஓடும்போது மட்டுமல்ல, காத்திருக்கும்போதும் தெரிந்தது.

பயணிகள் வண்டிகளுக்கு ஆறு இயக்குச் சக்கரங்கள் கொண்ட ஒய்.பி. வகைக் கரி எஞ்சின், சரக்குக்கு எட்டு இயக்குச் சக்கரங்கள் கொண்ட ஒய்.ஜி. வகை என்பது பொது வழக்கம். ஒய்.ஜி.யின் சக்கரம் சிறியது. வேகம் குறைவு, இழுவை அதிகம். முக்கிய எக்ஸ்பிரஸ்களை டீசல் எடுத்துக்கொண்ட பின்னும், பாசஞ்சர் வண்டிகளில் கரி எஞ்சின் 1980களிலும் ஓடியது. கடலூர், மாயவரம் வழியாகத் தஞ்சைக்கு ஒரு பாதை, விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு ஒன்று, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ஒன்று, 1879-இல் திறக்கப்பட்ட புதுச்சேரிக் கிளை ஒன்று என்று நாலு பக்கமும் வண்டி அனுப்பிய நிலையம் இது. சுற்றிப் போகும் தஞ்சைப் பாதையை ஏன் ‘மெயின் லைன்’ என்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அது முதலில் வந்தது. விருத்தாசலம் வழியான ‘கார்டு லைன்’ என்னும் குறுக்குப் பாதை 1920களின் இறுதியில்தான் வந்தது.

விழுப்புரம் ஷெட்டில் ஃபயர்மேனாகக் கரி அள்ளிப் போட்டு, பின்னர் மின் எஞ்சின் ஓட்டி ஓய்வுபெற்றவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியிருப்பார்கள். இரண்டையும் கையாண்ட கைகள் அவை. தங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி அவர்கள் சொல்வதை அவர்கள் சொற்களிலேயே பதிவு செய்து வெளியிட வேண்டுகிறேன். ரயில்வே நிர்வாகமும், எஞ்சின் மாறிய இடத்தில், நடைமேடையிலேயே ஒரு விளக்கப் பலகை வைக்கலாம். அதற்குப் பெரிய செலவொன்றும் ஆகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
விழுப்புரம்