நாலாம் பாட்டு வரும்போது மெஷினை நிறுத்துங்கள்

கொங்கு நாட்டுச் சிவன் கோயில்களின் அறங்காவலர்களுக்கும், செயல் அலுவலர்களுக்கும், விழாக் கமிட்டிப் பெரியவர்களுக்கும் வணக்கமுங்க.

ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இந்த மடல். சன்னதியில் தேவாரம் பாடுகிற ஓதுவார் பாடும்போது, மணியும் முரசும் தானாக அடிக்கிற அந்தக் கரண்ட் மெஷினை நிறுத்தி வையுங்கள். அவர் பாடி முடித்து 'திருச்சிற்றம்பலம்' சொன்ன பிறகு திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

போன மாதம் எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் சாயரட்சைக்கு, அதாவது சாயங்காலப் பூஜைக்கு, நின்றிருந்தேன். கோயில் பெயர் வேண்டாம், இந்தச் சங்கதி பல ஊரிலும் நடக்கிறது. ஓதுவார் ஐயா மகாமண்டபத் தூணை ஒட்டி நின்று, துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, 'எற்றான் மறக்கேன் எழுமைக்கும் எம்பெருமானையே' என்று எடுத்தார். சுந்தரர் பாடிய அவிநாசிப் பதிகம், குறிஞ்சிப் பண். வயசானவர்தான், ஆனாலும் குரல் கல்லில் பட்டுத் திரும்பி வரும்போது உடம்பு சிலிர்த்தது. மூன்று பாட்டு கேட்டது. நாலாவதை எடுத்தபோது பக்கத்துச் சன்னதியில் தீபாராதனை என்று யாரோ சுவிட்சைத் தட்டிவிட்டார்கள். நான் அவருக்கு ஐந்தடி தூரத்தில் நிற்கிறேன், ஒரு எழுத்து காதில் விழவில்லை. கழுத்து நரம்பு புடைக்கிறது, தொடையில் விரல் தாளம் போடுகிறது, உதடு மட்டும் அசைகிறது. 'முதலையை' என்று உதடு ஒட்டிப் பிரிந்ததைப் பார்த்துத்தான் எந்த அடியில் இருக்கிறார் என்றே கண்டுகொண்டேன்.

அந்த நாலாவது பாட்டு என்ன பாட்டு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். திருப்புக்கொளியூர், அதாவது நம் அவிநாசி, வீதியில் ஒரு வீட்டில் பையனுக்குப் பூணூல் கல்யாணம், மங்கல ஒலி. எதிர் வீட்டில் அழுகை. இரண்டு பிள்ளைகளும் ஒன்றாகக் குளிக்கப் போனவர்கள், ஒருவனை மடுவில் முதலை விழுங்கிவிட்டது, அவன் இருந்திருந்தால் அவனுக்கும் இன்றைக்குப் பூணூல் என்று பெற்றவர்கள் அழுகிறார்கள். சுந்தரர் வந்திருக்கிறார் என்று கேட்டதும் அந்த அழுகையை அடக்கிக்கொண்டு வந்து கும்பிட்டார்களாம், அதுதான் என்னை ஒவ்வொரு தடவையும் உலுக்குகிற இடம். அவர் மடுக்கரைக்குப் போய்ப் பாடுகிறார். 'கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே.' அந்த நாலாம் பாட்டு முடியுமுன்னே பிள்ளை கரைக்கு வந்துவிட்டதாகப் பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிறார். ஆயிரத்து இருநூறு வருஷமாக நம் மண்ணில் நிற்கிற பாட்டு, எமனுக்கே கேட்ட பாட்டு, ஐந்தடியில் நின்ற எனக்குக் கேட்கவில்லை.

பூஜை முடிந்ததும் ஓதுவாரிடம் கேட்டேன். "பழகிப் போச்சுங்க, சாமிக்குக் கேட்கும்" என்றார். அந்தப் பதிலைக் கேட்டு வீடு வரைக்கும் மனசு ஆறவில்லை.

மெஷின் ஏன் வந்தது என்பது எனக்கும் தெரியும். காலபூஜைக்குத் தவிலும் நாதஸ்வரமும் வாசிக்க தினமும் ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் அந்தச் சம்பளத்தில் அவர்கள் குடும்பம் நடத்த முடியாது, தீபாராதனை சத்தமில்லாமல் நடந்தால் வெறிச்சென்று இருக்கும். சரி, இருக்கட்டும். மெஷினை எடுத்துவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. பஞ்சபுராணம் பாட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம், அப்புறம் 'வான்முகில் வழாது பெய்க'. நிறுத்திப் பாடினாலும் கால்மணி நேரம்தான். அந்தக் கால்மணி நேரத்தைக் கேட்கிறேன்.

நம் கொங்கில் தேவாரப் பாடல் பெற்ற தலம் ஏழே ஏழு. அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, கரூர், வெஞ்சமாக்கூடல், கொடுமுடி. சோழநாடு மாதிரி ஆற்றோரமெல்லாம் பதிகம் கொட்டிக் கிடக்கவில்லை நமக்கு, இருப்பதைப் பொத்திப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம். பூண்டியில் வேடர் வழிப்பறி செய்தபோது சுந்தரர் சாமியையே மடக்கி 'எத்துக்கு இங்கிருந்தீர் எம்பிரானிரே' என்று கேட்கிறார். "எதுக்குங்க இங்க இருக்கறீங்க" என்று நம் ஊர்க்காரர் கேட்பது போலவே எனக்கு ஒலிக்கும். கொடுமுடியில் ஒரு ஆடிப் பதினெட்டுக்கு, அத்தனை கூட்டத்திலும், படித்துறையில் முளைப்பாரியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அமுச்சி, வயசான பாட்டி, அந்த ஊர்ப் பதிகத்து 'நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே' என்று தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் போனவர் மாதிரித் தெரியவில்லை. சின்ன வயசில் கோயிலில் நின்று காதால் கேட்டுத்தான் பிடித்திருப்பார். இன்றைக்கு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சன்னதியில் நிற்கிற குழந்தை எதைக் கேட்டுப் பிடிக்கும்?

பெரியபுராணம் முழுசுக்கும் உரை எழுதிய சி.கே. சுப்பிரமணிய முதலியார் கோயம்புத்தூரில் வக்கீலாக இருந்தவர். கோர்ட் வேலைக்கு நடுவே அத்தனை காலம் அதில் உட்கார்ந்தார். அப்படி ஒரு மனுஷர் இருந்த சீமை இது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது, சொல்லிவிடுகிறேன். அதே கோயிலில் ஒரு புண்ணியவான் பதிகத்தைச் சலவைக்கல்லில் வெட்டிப் பதித்திருக்கிறார். அதன் மேலேயே கட்டண விவரப் பலகையை ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள். முதல் இரண்டு பாட்டுத் தெரிகிறது, மற்றதெல்லாம் பலகைக்குப் பின்னால். பலகையை இரண்டடி தள்ளி மாட்டச் சுவரில் இடம் இருக்கிறதுங்க, நான் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மெஷின் சுவிட்ச் கொடிமரத்துக்கு எதிர்த் தூணில் இருக்கிறது. குருக்களுக்குக் கை ஒழியாது, தெரியும். அதற்கு ஒரு ஆளை நிறுத்த முடியாது என்றால், நான் அடுத்த பிரதோஷத்துக்கு வருகிறேன், அந்தத் தூணருகே நின்று அணைத்துப் போடுகிற வேலையை நானே செய்கிறேன். உத்தரவு மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
அவிநாசி வட்டாரத்திலிருந்து ஒரு அடியேன்